ஒரு சாண் ஒயர்

என் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். அரசாங்கக் காப்பீட்டில் செய்தது. தலைக்குள் ஒன்று வைத்திருக்கிறார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. மெஷினையும் வட்டையும் சேர்ப்பது ஒரு ஒயர். ஒரு சாண் இருக்கும். அந்த ஒயர் போனால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே வைத்ததும் நன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்காது.

அந்த ஒயர் போனது. வேறொன்று வாங்கப் பட்ட பாடுதான் இது.

நான் பவர்லூம் தறி ஓட்டுகிறேன். சொந்த ஊர் அம்மையார்குப்பம். பெண்ணைப் பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை ரயிலில் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அதனால் திருத்தணிக்கே குடி வந்துவிட்டோம். ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஷெட்டில் வேலை. பதினாறு தறி. பெண்டாட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. ஐந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. முதலில் என்னை "நைனா". அப்புறம் "அம்மா". அவள் அம்மாவுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. அப்புறம் சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு. வெளியாளுக்குப் பாதிதான் புரியும். எங்களுக்குப் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிக்கொண்டிருந்தபோது "ஆஃப்" என்றாள். பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் சொல்வாள். பேட்டரி மாற்றினோம். "ஆஃப்" என்றாள். மறுபடி மாற்றினோம். மறுபடி "ஆஃப்". ஒயரைப் பார்த்தேன். மெஷின் பக்கம் சேருகிற இடத்தில் தோல் வெடித்து உள்ளே கம்பி தெரிந்தது.

மெஷினுக்குச் சாமான் விற்கிற இடம் சென்னையில் ஒன்று இருக்கிறது. மறுநாள் தறிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் ஒயரை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மாடல் நின்னு போச்சுங்க. ஸ்டாக் வராது."

"வேற எதாவது சேருங்களா?"

"சேராது. புது மெஷினே வாங்கிடுங்க."

விலை சொன்னாள். அந்த விலைக்கு இரண்டு தறி வாங்கலாம். அரசாங்கத்திலேயே மாற்றித் தருகிறார்கள், இங்கேயே மனு கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். முறை வரும்போது கூப்பிடுவார்களாம். எப்போது என்று கேட்டேன். கூப்பிடுவார்கள் என்றாள்.

பேச்சுப் பயிற்சி டீச்சரையும் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அம்மா கொஞ்சம் கோபமாகவே பேசினாள். "எத்தினி நாள் கேக்காம இருக்கிறாளோ அத்தினிக்குப் பேச்சு பின்னாடி போவும். தள்ளிப் போடாதீங்க. வந்தது போச்சுன்னா திரும்பக் கொண்டாரது ரொம்பக் கஷ்டம்."

தள்ளிப் போடுகிறவன் நான் இல்லை. சொல்லவில்லை.

பெண்டாட்டியின் தம்பிக்கு ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் மொபைல் ரிப்பேர் கடை. அவன் ஒயரைப் பற்ற வைத்துக் கொடுத்தான். ஒரு சாயங்காலம் முழுக்க வேலை செய்தது. கரகரவென்று கேட்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்த நாள் அதுவும் நின்றது. பற்றவைத்த இடத்தில் ஒயர் ஒரேயடியாகத் துண்டாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து அவனே ஷெட்டுக்கு வந்தான். வெளியே வரச் சொல்லிக் கை காட்டினான்.

"பாவா, கிடைச்சிடுச்சு. அதே ஒயரு. அதே நம்பரு."

"எங்க?"

"ஜெர்மனியில. ஆன்லைன் கடை."

"இன்னா விலை?"

சொன்னான். ஒரு வாரக் கூலிக்குள் வந்தது. பரவாயில்லை.

"போடு."

"இரு பாவா. அனுப்புற கூலி தனி."

அதையும் சொன்னான். ஒயரைவிட அதிகம்.

"கழுத்துல போட்டுக்கிற செயினா அனுப்புறான்? ஒரு கவர்ல போட்டு அனுப்பச் சொல்லு."

"கவர்லயும் அனுப்புவான். சாதா தபாலு. ரெண்டு மாசம் ஆவும். வழியில காணாம போனா நான் பொறுப்பில்லன்னு இப்பவே எழுதிக்கிறான்."

"கூலி அதிகமா குடுத்தா?"

"ஒரு வாரத்துல வருமாம்."

எல்லை என்றால் எனக்குத் தெரிந்தது நகரி ரோட்டில் இருக்கிற செக்போஸ்ட்தான். அந்தப் பக்கத்திலிருந்து தக்காளி வரும், ஆடு வரும், பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள். போலீஸ்காரர் பார்த்தும் பார்க்காமல் இருப்பார். பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் நாம் இந்தப் பக்கம் நிற்கும்போதே போனுக்கு ஆந்திரா சிக்னல் வந்துவிடும். எல்லை தாண்டுவதற்கு இவ்வளவு ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வேகமானதையே போடச் சொன்னேன்.

போடுவதே ஒரு மணி நேரம் ஆனது. கடைசிப் பெயர் என்ன என்று அந்தக் கடை கேட்டது. நமக்கு ஏது கடைசிப் பெயர். இனிஷியலைப் போட்டான். ஒற்றை எழுத்தை எடுத்துக்கொள்ளவில்லை. என் அப்பா பெயரை முழுசாகப் போட்டான். எடுத்துக்கொண்டது. அப்புறம் அதுவும் ஒரு வினையானது.

அன்றிலிருந்து போனில் ஒயர் நடக்க ஆரம்பித்தது. மச்சான் தினமும் பார்த்துச் சொல்வான். ஜெர்மனியில் ஏறியது. துபாயில் இறங்கியது. நாலாம் நாள் டெல்லிக்கு வந்துவிட்டது. பெண்டாட்டி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். அவசரப்பட்டுவிட்டாள்.

டெல்லியில் அது நின்றது. ஐந்தாம் நாளும் டெல்லி. ஆறாம் நாளும் டெல்லி. உலகத்தில் பாதியைப் பறந்து வந்தது, ஒரே கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஏழாம் நாள் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பார்சல் சுங்கத்தில் இருக்கிறது, இந்த லிங்க்கைத் தொட்டு ஆதார் அனுப்பவும் என்று. மச்சானிடம் காட்டினேன்.

"தொடாத பாவா. ஃபிராடு. எங்க கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு இதைத் தொட்டுட்டுத்தான் அழுதுகினு வர்றாங்க."

தொடவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவனே வந்து தலையைச் சொறிந்தான்.

"அது நெசம் பாவா."

"நீதான் ஃபிராடுன்ன."

"ஃபிராடும் அப்படித்தான் எழுதுறான், நெசமும் அப்படித்தான் எழுதுது. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆதாரை அனுப்பினோம். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல். பார்சலில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டார்கள். ரேஷன் கார்டை அனுப்பினோம். பிறகு வரி கேட்டார்கள். மின்சாரச் சாமான் என்று வரி.

"காது கேக்கிறதுக்குன்னு எழுதுடா."

"எழுதினேன் பாவா. டாக்டர் லெட்டர் இருந்தா அனுப்பு, பாக்கலாம்ன்றான்."

டாக்டர் லெட்டருக்கு மறுபடி சென்னை போக வேண்டும். டாக்டர் இருக்க வேண்டும். லெட்டர் டெல்லிக்குப் போக வேண்டும். அதை ஒருத்தர் படிக்க வேண்டும்.

"வரியைக் கட்டிடு" என்றேன்.

கட்டினோம். அதற்கப்புறமும் நாலு நாள் டெல்லி.

இந்த நாளெல்லாம் பெண் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே ஷெட்டுக்கு வந்துவிடுவாள். அவள் அம்மா வேலை முடிந்து வர ஆறாகும். அதுவரை என் தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பதினாறு தறி ஓடினால் ஷெட்டுக்குள் எவனுக்கும் எதுவும் கேட்காது. காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம். சத்தம் வராது. எதிரே இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மீதி கை. கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. இரண்டு விரலைக் கத்திரி மாதிரி வெட்டினால் நூல் அறுந்தது. வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினால் ஓனர் வருகிறார்.

என் பெண் இதையெல்லாம் முன்பே கொஞ்சம் தெரிந்து வைத்திருந்தாள். ஒயர் போன பிறகு முழுசாகக் கற்றுக்கொண்டாள். ஷெட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லாரும் அவளைப் போலத்தான். மூன்றாம் தறிக்காரனோடு தூரத்திலிருந்தே பேசிச் சிரிப்பாள். ஒருநாள் ஓனர் உள்ளே வந்தபோது அவர் எதிரிலேயே வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். பதினாறு தறிக்காரனும் தறியைப் பார்த்துக் குனிந்துகொண்டோம். ஓனர் என்னிடம் வாயசைத்துக் கேட்டார், "அது இன்னா?" நான் வாயசைத்தேன், "பசிக்குதாம்." பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

எல்லாரும் என்னிடம் சொன்னார்கள், "உன் பொண்ணு கெட்டிக்காரி, ஒயரு இல்லாமயே சமாளிக்கிறா." எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்குக் காட்ட ஆரம்பித்தாள். அவள் அம்மா சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாயத் தொறந்து கேளு. கையக் காட்டினா தர மாட்டேன்." பெண் அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். புரிந்தது. வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. தண்ணி என்றுதான் அசைந்தது. சத்தம் வரவில்லை. எங்கள் ஷெட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன், அவளிடம் யாரும் வாயசைக்க வேண்டாம் என்று. யாரும் கேட்கவில்லை. குழந்தை முகத்தைப் பார்த்துச் சிரித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்.

ஒருவழியாக ஒயர் டெல்லியை விட்டது. சென்னை வந்தது. அன்றைக்கு மச்சான் வெளியூர் போயிருந்தான். மறுநாள் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போன் செய்தான். நான் டீக்கு வெளியே வந்திருந்தேன்.

"பாவா, உனக்குப் போன் எதுவும் வந்துதா?"

"நேத்து மூணு மிஸ்டு கால் இருந்துது. புது நம்பரு. திருப்பிப் போட்டா, இந்த நம்பருக்குப் போட முடியாதுன்னு ஒரு பொம்பள சொல்லுது."



"அதான் பாவா அது."

தறிக்காரன் யாரும் தறியில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டான். எடுத்தாலும் கேட்காது. சட்டையை ஆணியில் மாட்டுவோம், போன் சட்டைப் பையில் இருக்கும். டீ நேரத்தில் எடுத்துப் பார்ப்போம், யார் கூப்பிட்டார்களோ அவர்களைத் திருப்பிக் கூப்பிடுவோம். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சாவு சேதி சொல்கிறவன்கூட ஒரு ரிங் விட்டுவிட்டுக் காத்திருப்பான். இருபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. திருப்பிக் கூப்பிட முடியாத நம்பர் என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

மூன்று தடவை கூப்பிட்டார்கள், நான் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் பதில் தரவில்லை என்று எழுதிவிட்டார்கள். ஒயர் ஜெர்மனிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

என் பெண்ணுக்குக் கேட்க வேண்டும் என்று வந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று திரும்பிப் போனது.

திருத்தணியில் அந்தக் கூரியரின் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. போனேன். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க போன் எடுக்கலைங்க."

"தறியில இருந்தேங்க. அட்ரஸ் இருக்குதே. நேரா வரலாமே."

"ஓடிபி இல்லாம தர முடியாதுங்க. அதுக்குத்தான் போன்."

"நிறுத்துங்க. நானே சென்னைக்குப் போய் வாங்கிக்கிறேன்."

"ரிட்டன் போட்டாச்சுங்க. இனிமே நிக்காது."

வரும்போது அது நிற்காத இடம் இல்லை. போகும்போது மட்டும் நிற்காதாம்.

ஜெர்மனிக்காரன் மரியாதையாகத்தான் எழுதினான் என்று மச்சான் படித்துச் சொன்னான். பார்சல் வந்து சேர்ந்ததும் ஒயர் விலையைத் திருப்பித் தருவான். அனுப்பிய கூலியைத் தரமாட்டான். வரியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. வரி வாங்கியவர்களுக்கு எழுதினால் பதில் இல்லை. வேண்டுமானால் இப்போதே இன்னொரு ஒயர் அனுப்புகிறேன், மறுபடி கூலி கட்டு என்றான்.

பெண்டாட்டி காதில் இருந்த கம்மலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அவளுக்குக் கேக்கட்டும் முதல்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுபடி ஜெர்மனி. மறுபடி துபாய். மறுபடி டெல்லி. இந்தத் தடவை மெசேஜ் வந்த அன்றைக்கே லிங்க்கைத் தொட்டோம். ஆதார், ரேஷன் கார்டு, வரி எல்லாம் ஒரே நாளில். டாக்டர் லெட்டரையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அனுப்பினோம். யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. அதே வரி. அதே பத்து நாள். நாங்கள் வேகமாகச் செய்ததெல்லாம் எங்களுக்குத்தான் வேகம்.

போன் விஷயத்தில் இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று இருந்தேன். ஷெட்டுக்கு வெளியே ஒரு கூரைக்கு அடியில் தார் சுற்றுகிற அக்கா உட்கார்ந்திருப்பாள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் குச்சிதான் தார். அந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் குறைவு. போனை அவளிடம் கொடுத்தேன்.

"அக்கா, போன் வந்தா ஓடி வந்து கூப்பிடு. பாப்பாவோட ஒயரு வருது."

"குடு, நான் பாத்துக்கிறேன். நீ போய் தறியப் பாரு."

ஒரு வாரம் போனை மடியில் வைத்துக்கொண்டு தார் சுற்றினாள். எட்டாம் நாள் மதியம் வெளியே வந்தேன்.

"போன் எதுவும் வந்துதாக்கா?"

"உனக்கு வரலை. எவனோ ஃபிராடு ஒருத்தன் பண்ணான். பார்சல் வந்துகினு இருக்குது, ஒரு நம்பரு வந்திருக்கும் சொல்லுன்றான். என்கிட்டயா? உங்க ஆத்தாகிட்ட போய் கேளுடா, அவ சொல்லுவான்னு நல்லா குடுத்துட்டேன்."

நான் நின்றேன்.

"இன்னாப்பா? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

"அதான்க்கா ஒயரு."

அவள் கையிலிருந்த தாரைக் கீழே போட்டாள்.  பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வா. போவலாம்."

"நீ எதுக்குக்கா?"

"திட்டினவ நானு. நீ போய் இன்னா சொல்லுவ? நீ எங்க பேசியிருக்கிற?"

ஓனரிடம் சொல்லாமல் தறியை நிறுத்திவிட்டு ஆட்டோவில் போனோம். கூரியர் ஆபீஸில் அதே ஆள். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு போட்டிருக்குதே."

"அது தப்பா நடந்துடுச்சுங்க."

"ரிட்டன்ல ஏறிடுச்சுங்க. சாயங்காலம் வண்டி வருது, போயிடும்."

"எங்க இருக்குது இப்ப?"

அவர் பின்னால் கை காட்டினார். அலமாரியில் இரண்டாவது தட்டில் மஞ்சள் சீட்டு ஒட்டிய ஒரு பெட்டி. மொத்தமாக ஒரு கை தூரம். ஜெர்மனி, துபாய், டெல்லி, சென்னை எல்லாம் தாண்டி வந்து ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"தோ இருக்குதே. எடுத்துக் குடு" என்றாள் அக்கா.

"சிஸ்டத்துல மாத்த எனக்கு வழி இல்லைம்மா. டெலிவரி ஆளு போன்லதான் மாத்த முடியும். அவரு கே.ஜி.கண்டிகை லைன் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"அஞ்சு ஆவும்."

"வண்டி எப்ப?"

"அதுவும் அஞ்சு."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றேன். தறியில் எட்டு மணி நேரம் நிற்கிறவன், இது ஒன்றுமில்லை. ஆபீஸ்காரர் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆளின்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஜெர்மனிக்காரன் சரியாகத்தான் அனுப்பினான். டெல்லிக்காரன் சட்டப்படிதான் கேட்டான். அக்கா நல்லதென்று நினைத்துத்தான் திட்டினாள். எல்லாரும் சரி. என் பெண்ணுக்கு மட்டும் இரண்டு மாதமாகக் காது கேட்கவில்லை.

வண்டிதான் முதலில் வந்தது. டிரைவர் மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்தார். அலமாரியின் முதல் தட்டில் இருந்ததை எடுத்தார்கள். அக்கா எழுந்து போய் அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

"கொஞ்சம் நகரும்மா."

"நகர மாட்டேன். அந்த ஆளு வரட்டும்."

"எனக்கு வேலை இருக்குதும்மா."

"எனக்குந்தான் கூடை நிறையத் தாரு கெடக்குது. நான் வந்து நிக்கலை?"

டிரைவர் சிரித்துவிட்டு மற்ற மூட்டைகளை எடுத்தார். கடைசி மூட்டை ஏறும்போது டெலிவரி ஆள் பைக்கில் வந்து இறங்கினார். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அக்கா முன்னால் போய் நின்றாள்.

"மதியானம் ஒரு பொம்பள உன்னைத் திட்டினாளே."

அவர் முகம் மாறியது. "ஆங். எங்கம்மாவை இழுத்தாங்க."

"நான்தான் அது."

"நீங்கதானா? திட்டுறதுக்கு நேர்லயே வந்துட்டீங்களா?"

"தப்புதான்பா. எடுத்ததும் நம்பரு சொல்லுன்னா நான் இன்னா நினைப்பேன்? திருத்தணியில இருந்து பேசுறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்ல எங்க விட்டீங்க?"

அப்புறம் நான் பேசினேன். பெண்ணுக்குக் காது மெஷின் ஒயர், இரண்டாவது தடவை, போனால் மறுபடி ஒரு மாதம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அது நிறைய. அவர் போனை எடுத்து என்னென்னவோ அழுத்தினார். "மறுபடி கொண்டு போறதா போடுறேன். நம்பரு வரும், சொல்லுங்க."

நின்றோம். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். என் போன் நடுங்கியது. ஆறு எண். படித்தேன். ஒரு தடவை தப்பாகப் படித்தேன். அக்கா பிடுங்கிப் படித்தாள். மதியானம் யாருக்குச் சொல்லமாட்டேன் என்று திட்டினாளோ அவருக்கே இப்போது சத்தமாகச் சொன்னாள்.

பெட்டி கைக்கு வந்தது. இரண்டு செங்கல் அளவு இருந்தது. வீட்டில் பிரித்தபோது உள்ளே முழுக்கக் காகிதம். காகிதத்துக்குள் ஒரு கவர். கவருக்குள் ஒரு சாண் ஒயர்.

மாட்டினோம். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. பெண்டாட்டி அவளுக்குப் பின்னால் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. கையை வட்டின்மேல் வைத்து முகத்தைச் சுளித்தாள். சத்தம் கேட்கிறது, அது என்ன என்று தெரியவில்லை. நான் முன்னால் போய்ப் பேசினேன். அவள் என் உதட்டைத்தான் பார்த்தாள். உதட்டை அசைத்துத்தான் பதில் சொன்னாள்.

டீச்சர் போனில் சொன்னாள், "கொஞ்ச நாள் ஆவுங்க. முகத்தை மறைச்சுக்கினு பேசுங்க." மறைத்துக்கொண்டு பேசினோம். கையால் வாயை மூடிக்கொண்டு சோறு வேண்டுமா என்று கேட்டோம். அவள் எங்கள் கையை இழுத்துவிட்டு உதட்டைப் பார்த்தாள். அழுதாள். அவள் அம்மாவும் அழுதாள். ஷெட்டுக்கு அவளைக் கூட்டிப் போவதை நிறுத்தினேன். மச்சான் கடையில் உட்கார வைத்தோம். அங்கே வருகிறவன் எல்லாம் ரிங்டோன் வைத்துப் பார்ப்பான், நல்லதுதான்.

மச்சான் சொன்னான், "பாவா, ஸ்பேருக்கு இன்னொன்னு இப்பவே போட்டு வெச்சிடலாம். இதுவும் ஒருநாள் போவும்."

எனக்கு வந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னது சரி. போடச் சொன்னேன். சாதா தபாலில். இரண்டு மாதமோ மூன்று மாதமோ, வரட்டும். இப்போது அது துபாயில் இருக்கிறது. மனு கொடுத்த இடத்திலிருந்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

என் போன் இப்போது சட்டையில் இல்லை. நடுங்குகிற மாதிரி வைத்து லுங்கி மடிப்பில் செருகிக்கொள்கிறேன். நடுங்கினால் தறியை நிறுத்திவிட்டு வெளியே ஓடுகிறேன். பாதி நேரம் லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஓனருக்குப் பிடிக்கவில்லை. அவர் வரும்போது வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்து மூன்றாம் தறிக்காரன் எனக்குக் காட்டுவான்.

ஒயர் வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். வேலை முடிந்து மச்சான் கடைக்குப் போனேன். பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பழைய போன் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று கூப்பிட்டேன். அதிகம் சத்தம் போடவில்லை. நான் எப்போதுமே அதிகம் சத்தம் போடுகிறவன் இல்லை.

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த வேலையையும் விடவில்லை.

"ஆங், இரு நைனா. வரேன்" என்றாள்.